உப்பு ஏரிக் கரையில் கூப்பிடுகிறவள்

1

இது பறவைகளைப் பற்றிய கதையாக இருந்திருக்க வேண்டியது. திண்டுக்கல்லில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். "கடல் தாண்டிப் போய் ஏரிக்கரையிலேயே கடை போட்டு உட்கார்ந்திருக்கிறீர். பூநாரைகளைப் பற்றி ஒன்று எழுதி அனுப்பும். ரோஸ் கலரில் அட்டை போட்டு ஜமாய்த்துவிடலாம்" என்றார். எனக்கும் ஆசைதான். டீத்தூள் மூட்டைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

விடியற்காலையில் அந்த மாபெரும் ஏரி

(விட்டுவிட்டேன். 'மாபெரும்' என்று கிளம்பும் வாக்கியம் எந்தச் சுவரில் போய் முட்டும் என்று தெரியும்.)

பூநாரை ஒற்றைக்காலில் நிற்பதற்குக் காரணம் என்னவென்றால்

(எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எழுதட்டும்.)

லட்சோபலட்சம் பறவைகள்

(எண்ணியது யார்? இந்தப் பக்கத்தில் உயிருள்ளதை எண்ணமாட்டார்கள். ஆட்டை எண்ணினால் ஆடு குறையும் என்பார்கள். நானும் இத்தனை காலம் இங்கே சோறு தின்ற பிறகு எண்ணத் துணிய மாட்டேன்.)

இப்படி மூன்று தலைகளை வெட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நைபனோய் சர்க்கரை வாங்க வந்தாள். உப்பு வெட்டி விற்கிற பெண். நாற்பதை ஒட்டிய வயது, உரத்த குரல், கழுத்து நிறைய மணி.

"என்ன கடை, எழுதுறியா?" என்றாள்.*

"ஆமா. பறவைங்களைப் பத்தி."

"அதுங்களுக்கு என்ன குறை? தலையைக் கவுத்துப் போட்டுத் தின்னுதுங்க, நிமிந்தா கத்துதுங்க. நான் ஒண்ணு கேக்கறேன், அதை எழுது. உனக்குப் பதில் தெரியுதான்னு பாப்போம்."

அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

* என்னை இங்கே எல்லோரும் 'கடை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் அப்பா வைத்த பேரில் நாலு எழுத்தும் ஒரு முருகனும் உண்டு. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

2

கதைக்குள் போவதற்குமுன் ஒரு நிபந்தனை. வழியில் சில இடங்களில் சதுர அடைப்புக்குள் ஒன்றுமில்லாமல் இருக்கும். இப்படி: [      ]. அச்சுப்பிழை என்று நினைத்துப் பத்திரிகைக்காரரைத் திட்ட வேண்டாம். அது ஒரு குழந்தையின் பேர். அந்தக் குழந்தை இப்போது இல்லை. இறந்தவர் பேரை இங்கே வாயால் சொல்லமாட்டார்கள். எழுதினால் சொன்னதாகுமா என்று நைபனோயைக் கேட்டேன். "படிக்கிறவன் வாய் அசையும்ல?" என்றாள். ஆகவே எழுதவில்லை.

3

மழை நின்று ஏரி வற்றும்போது கரையிலிருந்து உள்நோக்கி உப்புப் பொருக்குக் கட்டும். ரோஸும் வெள்ளையுமாக, தீய்ந்த பால் ஆடை மாதிரி. பெண்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய் அதைப் பாளம் பாளமாக வெட்டி மூட்டை கட்டுவார்கள். பொடி போடும் கிழவர்கள் புகையிலையில் சேர்ப்பதற்கும், பயறு வேகாத வீடுகளில் கொதிக்கும் பானையில் போடுவதற்கும், மாடு நக்குவதற்கும் அதுதான். கரையோரத்து உப்பில் சேறு கலந்திருக்கும். நல்ல உப்பு வேண்டுமென்றால் பொருக்கின்மேல் உள்ளே நடக்க வேண்டும்.

நடக்கலாம். திரும்பி வருவதுதான் சங்கதி. உச்சிப்பொழுதில் கரை காணாமல் போய்விடும். எதிரே இவர்கள் கடவுள் மலை என்கிற மலை அடிப்பாகம் இல்லாமல் மேலே தொங்கும். வரிக்குதிரைகள் வயிறு வரை காற்றில் நனைந்தபடி நடந்து போகும். வானம் இறங்கிக் காலுக்கடியில் விரிந்துகொள்ளும். அதில் பூநாரைகள் தலைகீழாக நின்று தங்கள் அலகையே கொத்திக்கொண்டிருக்கும். நான் ஒருமுறை போயிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பயம்கூட இல்லாமல் போய்விட்டது. இனி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றுதான் என்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் ஆளைக் கொல்லும் என்றார்கள். பொருக்கு எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு இல்லை. மெலிந்த இடத்தில் கால் வைத்தால் அடியில் கொதிக்கும் சேறு.

அதனால் பெண்கள் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே போவாள். ஒருத்தி கழுதைகளோடு கரையில் நின்று கூப்பிடுவாள். சும்மா கூவினால் போதாது, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவள் பதில் குரல் கொடுத்து அந்தத் திசைக்கு நடப்பாள். பேர் சொல்லாத குரலுக்குத் திரும்பவே கூடாது, அது ஏரி கூப்பிடுகிறது என்பது இவர்கள் கணக்கு. சிரிக்காதீர்கள். ராத்திரியில் யாராவது கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்காத ஊர்க்காரர்கள்தானே நாம்.

4

இனி பேர் விவகாரம். (இது கட்டுரை மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றது நிற்காது. ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இங்கே ஒருவர் இன்னொருவருக்கு மனசாரச் செம்மறி ஆடு கொடுத்துவிட்டால், அன்றோடு இருவருக்கும் பழைய பேர் போய்விடும். இவளுக்கு அவள் 'பாக்கெர்', அவளுக்கு இவளும் 'பாக்கெர்'. செம்மறிக்காரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கொடுத்தவளுக்கும் வாங்கியவளுக்கும் ஒரே பேர்தான். ஆனால் அதை முதலில் சொல்ல வேண்டியவள் வாங்கியவள். அவள் வாய் திறந்து அப்படிக் கூப்பிட்டால்தான் ஆடு போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். அதற்கப்புறம் பிறந்த பேரைச் சொல்லிக் கூப்பிடுவது, கொடுத்த ஆட்டைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம்.

நைபனோய் ரெசியாட்டோவுக்கு ஒரு பெட்டை ஆடு கொடுத்தாள். ரெசியாட்டோவுக்குத் தலைப்பிள்ளை [      ] பிறந்தபோது. பக்கத்துக் குடியிருப்புக்காரி, மெலிந்தவள், அதிகம் பேசாதவள். நைபனோய்க்கு நேர் எதிர். இருவரும்தான் உப்பு வெட்ட ஜோடி. கரையில் நிற்பவள் "பாக்கேஏஏர்" என்று இழுத்தால் என் கடைக்குள் கண்ணாடிக் குவளை அதிரும்.

போன மழையில் காய்ச்சல் வந்து [      ] போய்விட்டான்.

ரெசியாட்டோ வெகுநாள் வெளியே வரவில்லை. பிறகு ஒரு சந்தை நாளில் வந்தாள். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவள் தலையைப் பார்த்ததும் நைபனோய்க்கு உள்ளே பொங்கிவிட்டது. "பாக்கெர்!" என்று கத்தினாள். சந்தையில் பாதிப் பெண்கள் திரும்பினார்கள். யாரிடம்தான் ஒரு செம்மறி உறவு இல்லை? திரும்பாதவள் ரெசியாட்டோ மட்டும்தான். இந்த மாதிரிச் சமயத்தில் எல்லோரும் செய்கிற காரியத்தை நைபனோயும் செய்தாள். பிள்ளை பேரைச் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"[      ] அம்மா!"

ரெசியாட்டோ திரும்பினாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள். கூப்பிட்ட பேருக்கு உரியவன் பின்னாலேயே நிற்கிறான் என்பது போலத்தான் திரும்பினாள். சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

மறுநாள் காலை நைபனோய் வீட்டு முள்வேலி வாசலில் ஒரு பெட்டை ஆடு நின்றது. கொடுத்த ஆட்டின் வயிற்றில் பிறந்தது. ஓட்டிவந்தவள் அதற்குள் போயிருந்தாள்.

ஆடு திரும்பி வந்தால் பேரும் திரும்பி வந்துவிட்டது. பாக்கெர் என்று இனிக் கூப்பிட முடியாது. பிறந்த பேரைக் கூப்பிட்டால் உறவு அறுந்ததை இவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிள்ளை பேர் அடைபட்டது. ஆக, நைபனோய்க்கு இந்த உலகத்திலேயே ரொம்பப் பிடித்த மனுஷியைக் கூப்பிட ஒரு பேர் இல்லாமல் போய்விட்டது.**

"இந்த வாய் இருக்கே, வாய்" என்று என் கடையில் உட்கார்ந்து தன் வாயில் தானே போட்டுக்கொள்வாள். டீயில் கண்ணீர் விழும். குடித்துவிட்டுத்தான் போவாள்.

** 'இன்னார் பெண்டாட்டி' என்று கூப்பிடலாமே என்பீர்கள். ரெசியாட்டோவின் புருஷன் நைபனோய்க்கு மாமனார் முறை. மாமனார் பேரைக் கத்துகிற மருமகளை நீங்கள் எந்த ஊரில் பார்த்தீர்கள்?

5

இப்போதுதான் பறவைகள் வருகின்றன. நண்பர் பொறுமையாக இருந்ததற்கு நன்றி.

இந்த வருஷம் தண்ணீர் தாராளமாக நின்றதால் பூநாரைகள் வழக்கத்தைவிடக் கரைக்குக் கிட்டத்தில் கூடு கட்டின. சேற்றைக் குழைத்துக் கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் கூடுகள். தாய் தகப்பன் ரோஸ். குஞ்சு சாம்பல். குஞ்சுகள் நடக்க ஆரம்பித்ததும் எல்லாம் ஒரே கும்பலாகச் சேர்ந்துகொண்டன. நாலைந்து பெரிய பறவைகள் சித்திமார் மாதிரிக் கூட நடக்க, அந்தச் சாம்பல் கும்பல் ஏரியின்மேல் நிழல் போல நகர்ந்துகொண்டே இருந்தது. விடியலில் அதைப் பார்த்தால் தரை தூக்கத்தில் புரண்டு படுப்பது மாதிரித் தோன்றும். இரை கொண்டுவரும் தாய், அத்தனை குஞ்சுகளில் தன் குஞ்சைக் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறது.

(இந்த இடத்தில் ஒரு உவமை தானாக வந்து மடியில் உட்காரப் பார்க்கிறது. எழுதுகிற எவனுக்கும் கை துறுதுறுக்கும். நான் அதைக் கீழே இறக்கிவிட்டேன். பறவை வேறு, மனுஷி வேறு.)

பிறகு வெயில் வெளுத்து வாங்கியது. தண்ணீர் சட்டென்று இறங்க, உப்புக் குழம்பில் நடந்த குஞ்சுகளின் கால்களில் உப்பு இறுகித் தண்டை மாதிரி வளையம் கட்டிக்கொண்டது. நாளுக்கு நாள் தண்டை பருத்தது. நல்ல தண்ணீர் ஊற்றுக்குப் போகும் கும்பலிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்தங்கி, உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவில்லை. மொட்டைத்தலை நாரைகள் பந்திக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையில் நின்றன. சாயங்காலத்தில் கழுதைப்புலிகள் வந்தன. குஞ்சுகள் கத்துவது கரைவரைக்கும் கேட்டது.

இங்கே பறவையை யாரும் தின்பதில்லை, வளர்ப்பதும் இல்லை. அது பாட்டுக்கு இருக்கும், இவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். ஆகவே ரெசியாட்டோ ஒரு நாள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கூப்பிட ஆளில்லாமல், தன்னந்தனியாகப் பொருக்கின்மேல் ஏறி உள்ளே நடந்தபோது ஊர் வாயைப் பிளந்தது. குஞ்சுகளின் காலில் இருந்த உப்பை அவள் உடைத்துக்கொண்டிருந்தாள்.

6

ரெசியாட்டோ எனக்கு அடங்காத பாத்திரம். அவள் ஏன் போனாள் என்று எழுதிப் பார்த்தேன்.

அவள் தன் பிள்ளையை அந்தக் குஞ்சுகளில்

(ச்சே. அடித்துவிட்டேன்.)

சாகத்தான் போனாள் என்று ஊர் சொன்னது, ஆனால்

(ஊர் சொன்னதை நான் ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்?)

கடைசியில் அவள் மண்ணெண்ணெய் வாங்க வந்தபோது நேராகவே கேட்டேன். கடைக்காரனுக்கு அந்த உரிமை உண்டு.

"ஏன் அங்க போற?"

"கத்துதுங்க" என்றாள். "என் வீடு கரையை ஒட்டி. ராவெல்லாம் காதுல விழுது. நீ வேற ஏதாவது நெனச்சியா?"

"இல்லை" என்றேன். பொய்.

"நெனச்சிருப்ப. எல்லாரும் நெனைக்கிறாங்க." மண்ணெண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மனசுக்குள் நான் போக முடிந்தது அவ்வளவு தூரம்தான். இனிமேல் நைபனோயின் பக்கத்திலேயே நிற்கிறேன். அவளிடம் ஒளிவுமறைவு கிடையாது.

7

அன்று நைபனோயும் நோலாரியும் உப்பு வெட்ட வந்திருந்தார்கள். நோலாரி அவளுடைய சக்களத்தி, இளையவள், வாய்த்துடுக்கு. இருவரும் மூட்டை கட்டி முடித்த நேரம், ரெசியாட்டோ அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து உள்ளே போனாள். சிவப்புப் போர்வை.

"போறா பாரு உன் ஆளு" என்றாள் நோலாரி. "கரையில ஆளில்லாம."

"என் ஆளுன்னு யாருடி சொன்னா?"

"ஆடு திரும்பி வந்துருச்சு. உன் கண்ணு இன்னும் திரும்பி வரலையே அக்கா. அங்கயேதான மேயுது."

"மூட்டையைத் தூக்கு. பேச்சப் பாரு."

"நான் கெளம்பறேன், கழுதைங்க தவிக்குது. நீ இருக்கியா, வரியா?"

"கத்தியைத் தீட்டிட்டு வரேன், போ."

"தீட்டு, தீட்டு. நல்லா மழுங்கற வரைக்கும் தீட்டு." நோலாரி சிரித்துக்கொண்டே கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

நைபனோய் கத்தியைத் தொடவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து நின்றாள். தூரத்தில் ரெசியாட்டோ குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. போர்வையை முன்பக்கம் மடி மாதிரிக் கட்டி அதில் எதையோ போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. முதலில் மலைக்கு அடிப்பாகம் போனது. பிறகு ரெசியாட்டோவுக்குக் கால்கள் போயின. சிவப்பு இரண்டாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது, பிறகு சேர்ந்தது, பிறகு ஒரு சொட்டாகச் சுருங்கி மிதந்தது. பூநாரைகளின் ரோஸ் நிறம் அதைச் சுற்றி மெல்ல மூடிக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது என்று நைபனோயே சொல்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும் அழகு.

அந்தச் சொட்டு நகர ஆரம்பித்தது. கரைக்கு வரவில்லை. கரை எது என்று அதற்குத் தெரியவில்லை. வெந்நீர் ஊற்றுப் பக்கமாக நகர்ந்தது. அங்கே எந்தக் கோடையிலும் பொருக்கு இறுகாது.

நைபனோய் கரை விளிம்புவரை ஓடினாள். கூப்பிட வேண்டும். வெறுமனே கூவினால் ரெசியாட்டோ திரும்பமாட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து திரும்பாமல் பழக்கிய காது அது. பேர் வேண்டும்.

8

இங்கே கதையை நிறுத்திவிட்டு நான் ஒரு வாரம் சும்மா இருந்தேன். அவள் எந்தப் பேரைக் கூப்பிட்டாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு கொழுப்பு.

முதல் முடிவு: நைபனோய் "பாக்கெர்!" என்று கத்துகிறாள். திரும்பி வந்த ஆட்டையும் மீறிப் பழைய உறவு ஜெயிக்கிறது. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பின்னணியில் பூநாரைகள் கூட்டமாக எழும்புகின்றன. எழுதி முடித்துப் பார்த்தால் மளிகைக்கடை காலண்டர் மாதிரி இருந்தது. என் கடையிலேயே அப்படி ஒன்று தொங்குகிறது.

இரண்டாம் முடிவு: நைபனோய் மூச்சை இழுத்து, எந்தப் பேர் ஒருமுறை கொன்றதோ அதே பேரைக் கூப்பிடுகிறாள். "[      ] அம்மா!" உலகத்தில் எந்தத் தாயும் அந்தக் குரலுக்குத் திரும்பாமல் இருக்கமாட்டாள். ரெசியாட்டோ திரும்புகிறாள். இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அழுகை வந்ததால் சந்தேகமும் வந்தது. நைபனோய் அடுத்த தடவை கடைக்கு வந்தபோது அவள் பாஷையில் படித்துக் காட்டினேன்.

அவள் டீக்குவளையைக் கீழே வைத்தாள்.

"நீ அங்க இருந்தியா, கடை?"

"இல்லை."

"அந்தப் பேரை ஒரு தடவை தெரியாம சொன்னேன். தெரிஞ்சே சொல்லுவேனா? அவ உசிரைக் காப்பாத்தறதுக்கு அவளைக் கொன்னுட்டுக் காப்பாத்தணுமா? உனக்குப் புத்தி இருக்கா? சர்க்கரை விக்கிறவன் சர்க்கரையை வில்லு."

பக்கத்தில் மாவு வாங்க நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அந்தக் காகிதத்தை வெல்லம் மடிக்கக் கொடுத்துவிட்டேன்.

9

நடந்தது இது. அவள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"எந்தப் பேரும் இல்ல. வாயைத் தெறக்கறேன், காத்துதான் வருது. அவ அந்தப் பக்கம் போய்க்கிட்டே இருக்கா. அப்பத்தான் தோணுச்சு, அவளுக்குத்தான பேர் இல்ல, எனக்கு இருக்கேன்னு. என் பேரைக் கத்தினேன், கடை. என் பேரை நானே. 'நைபனோய்! நைபனோய்!'னு. பைத்தியக்காரி மாதிரி. எங்கம்மா வச்ச பேரு. கல்யாணம் ஆனதுக்கப்புறம் அதைச் சத்தமா சொல்லக் கேட்டதே இல்ல. எனக்கே யாரையோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு. கரையிலயும் நான்தான், உள்ள தொலைஞ்சவளும் நான்தான்ங்கற மாதிரி."

சிவப்புச் சொட்டு நின்றது.

பதில் குரல் வரவில்லை. ஆனால் சொட்டு நின்ற இடத்திலேயே நின்றது. நைபனோய் கத்திக்கொண்டே இருந்தாள். சொட்டு மெல்லப் பருத்தது. ரோஸ் நிறம் விலகி வழிவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி, குரல் கழுதை இருமுவது மாதிரி ஆன பிறகும் விடவில்லை. சொட்டுக்குக் கால்கள் முளைத்தன. பிறகு கைகள். பிறகு, இத்தனை மாதமாக அவள் நேருக்கு நேர் பார்க்காத முகம்.

ரெசியாட்டோ கரையேறி அவள் முன்னால் வந்து நின்றாள். உதடு உப்பில் வெடித்திருந்தது. மடியில் குஞ்சுகள் முண்டிக்கொண்டிருந்தன. நைபனோய்க்குக் காலில் விழலாம் போல இருந்தது, ஓடிவிடலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றாள்.

ரெசியாட்டோ மடியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தாள். சாம்பல் நிறம், கோணல் அலகு, காலில் முட்டை தடிமனுக்கு உப்புத் தண்டை. அதை நைபனோயின் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தாள்.

"பிடி" என்றாள்.

நைபனோய் பிடித்துக்கொண்டாள். ரெசியாட்டோ உட்கார்ந்து, ஒரு கல்லைக் காலுக்கு அண்டக் கொடுத்து, கத்தியின் பின்புறத்தால் தட்டினாள். தண்டை விரிசல் விட்டுத் தெறித்தது. குஞ்சின் இதயம் நைபனோயின் கையில் தடதடத்தது. இறக்கிவிட்டதும் ஒருகணம் தன் காலையே பார்த்துவிட்டு, கும்பலை நோக்கி விழுந்து எழுந்து ஓடியது. அடுத்ததை ரெசியாட்டோ எடுத்தாள். நைபனோய் கை நீட்டினாள். மடி காலியாகும்வரை ஒருத்தி பிடிக்க ஒருத்தி தட்டினாள். காலியானதும் ரெசியாட்டோ போர்வையை உதறிக் கட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

10

நியாயமாகக் கதை இங்கே முடிந்துவிட வேண்டும். முடியவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் தினமும் ஏரிக்குப் போகிறார்கள். சொல்லி வைத்துக்கொண்டு அல்ல, தற்செயலாகப் போகிற மாதிரி. ரெசியாட்டோ உள்ளே போகிறாள். நைபனோய் கரையில் நின்று தன் பேரைக் கத்துகிறாள். இப்போது உள்ளேயிருந்து பதில் வருகிறது. அவளும் தன் பேரைத்தான் கத்துகிறாள். "நைபனோய்!" "ரெசியாட்டோ!" என்று ஏரிமேல் இரண்டு பேர்கள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. வண்டியில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்கள் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னார்தான் இன்னார் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஊருக்குப் போகிறார்கள்.

நேருக்கு நேர் உட்கார்ந்து குஞ்சின் காலைத் தட்டும்போதோ, இன்னும் கூப்பிட ஒன்றுமில்லை. "இந்தா", "ம்", "அந்தக் கல்" அவ்வளவுதான்.

நைபனோய் என்னிடம் கேட்ட கேள்வி இங்கேதான் இருக்கிறது. கடையில் அன்று நோலாரியும் இருந்தாள்.

"அன்னிக்கு மொதல் குஞ்சை என் கையில வச்சாளே, கடை. அது குடுத்ததா, இல்ல பிடிக்கச் சொன்னதா?"

"ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சாள்ல? இங்க குடுக்கறதுன்னா அப்படித்தானே குடுப்பீங்க?" என்றேன்.

"குஞ்சை ஒத்தக் கையிலயா பிடிக்க முடியும்? பிடிக்கச் சொன்னாலும் ரெண்டு கையிலதான் வைக்கணும்."

"என்ன சொன்னா வைக்கும்போது?"

"பிடின்னா."

"அப்ப பிடிக்கத்தான் சொல்லியிருக்கா" என்றாள் நோலாரி. "குடுத்ததுன்னே வையி. ஆடு குடுத்தா பாக்கெர். பறவை குடுத்தா என்னக்கா கூப்பிடுவ? பாமோதோனியா? பறவைக்காரி! ஊரே சிரிக்கும்."

நோலாரிதான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். நைபனோய் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை, சத்தம் வராமல், சொல்லிப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன்.

அவளுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. கொடுத்ததுதான் என்றால், வாங்கியவள் அவள். முதலில் வாய் திறந்து பேர் சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் சொல்லாவிட்டால், குஞ்சு இன்னும் போய்ச் சேரவில்லை என்று ரெசியாட்டோ தினமும் காத்துக்கொண்டிருப்பாள். வெறுமனே பிடிக்கச் சொன்னதுதான் என்றால், கொடுக்காததை வாங்கிக்கொண்டதாகக் கூப்பிட்டு, அந்த வாயாலேயே இரண்டாம் தடவையும் அவளை உடைத்துவிடுவாள். ரெசியாட்டோவிடமே கேட்டுவிடலாமே என்றேன். "குடுத்தியான்னு கேட்டா அப்புறம் அது குடுத்ததா இருக்குமா?" என்றாள்.

நான் இதற்கு ஒரு முடிவு எழுதமாட்டேன். ஏற்கெனவே இரண்டு எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. தவிர, இது நான் எழுதி முடிக்கிற விஷயமும் இல்லை. அவள் நாளைக் காலையும் கரைக்குப் போகப் போகிறாள்.

"உன் ஊர்ல இதைப் படிப்பாங்கன்னியே" என்றாள் நைபனோய், சர்க்கரையை முடிந்துகொண்டே.

"படிப்பாங்க."

"அவங்களைக் கேளு. அவ எப்படி வச்சான்னு நான் சொன்னபடியே, கூட்டாம கொறைக்காம எழுதிட்டுக் கேளு. குடுத்தாளா, பிடிக்கச் சொன்னாளான்னு. அவங்க சொன்னா நான் கூப்பிட்டுப் பாக்கறேன்."

எழுதிவிட்டேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சீக்கிரம் கேளு, கடை. குஞ்சுங்களுக்கு றெக்கை மொளைச்சிருச்சு. இன்னிக்குக் காலைல ரெண்டு மூணு எந்திரிச்சுப் பறந்து பாத்துச்சுங்க."